குடும்பத்துடன் உணவகத்தில் நோன்பு திறக்கச் செல்வதை எப்படித் திட்டமிடலாம்?

மூத்தமகள் கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த ரமழானில் ஒரு மாலை எங்கள் குடும்பத்தினர் அனைவரும் உணவகம் ஒன்றுக்குச் சென்று நோன்பு திறக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இது வாய்ருசிக்காக எழுந்த ஆசை அன்று. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல், மஃரிபு பாங்கு (சூரியன் மறைந்ததும் ஒலிக்கும் தொழுகை அழைப்பு) சொல்லும் நிமிடத்தில் எங்கள் உம்மா உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. அஸர் என்னும் மாலைத் தொழுகையைத் தொழுதுவிட்டு அடுக்களைக்குள் நுழைபவர், எல்லோருக்கும் தட்டு வைத்து, குவளைகளில் தண்ணீர் ஊற்றி, அடுப்பில் இருப்பதை இறக்கி, “நீங்கள் திறங்கள், இதோ வருகிறேன்” என்று சொல்லிவிட்டு, நின்றபடியே ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு மறுபடியும் உள்ளே போய்விடுவார். நாங்கள் உதவாமல் இருப்பதில்லை. யார் உதவினாலும் அந்த நேரத்துப் பரபரப்பு அவரை விட்டு நீங்குவதில்லை. நோன்பாளியின் துஆ (இறைவனிடம் வேண்டுதல்) மறுக்கப்படாத நேரம் என்று நாங்கள் அனைவரும் கையேந்தி அமர்ந்திருக்கையில், அந்த உணவை ஆக்கியவர் மட்டும் கையேந்த முடியாமல் போவது பல ஆண்டுகளாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

சென்ற ஆண்டு ஒருமுறை முயன்றோம். பாங்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் போய்ச் சேர்ந்தோம். மேசையில் தண்ணீர் மட்டுமே இருந்தது. நாங்கள் சொன்ன உணவு வந்துசேர்வதற்கு இருபத்தைந்து நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. வாப்பா சர்க்கரை நோயாளி. வீட்டில் செய்வது போலவே பாங்கு கேட்டதும் இன்சுலின் போட்டுக்கொண்டார், சற்று நேரத்தில் கை நடுங்கி வியர்த்துப்போனார். பக்கத்து மேசையில் இருந்த ஒரு குடும்பம் தங்கள் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்ததால்தான் அன்று நிலைமை மோசமாகாமல் தப்பியது. தொழுவதற்கு இடமும் இல்லை. ஆண்கள் வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒருவர்பின் ஒருவராகத் தொழுதார்கள், உம்மாவும் நானும் நேரம் முடியும் தறுவாயில் வீடு வந்து தொழுதோம். “வீட்டிலேயே இருந்திருக்கலாம்” என்று உம்மா ஒரே ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை எடுக்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது.

இம்முறை கைக்குழந்தை உட்பட ஒன்பது பேர் செல்கிறோம். என் மகனுக்குப் பதினொரு வயது, அன்று அவனும் நோன்பு வைப்பான். மகளுக்கு ஏழு வயது. தம்பி மனைவி பாலூட்டுவதால் நோன்பு வைக்கவில்லை. தம்பியோ, உயரமான கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில் உள்ள உணவகத்தைச் சொல்கிறான். அங்கிருந்து சூரியன் மறைவதைக் காணலாமாம். முன்கூட்டியே எதையெல்லாம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும், தொழுகையை எப்படி அமைத்துக்கொள்வது, வாப்பாவின் விஷயத்தில் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

---

அடுப்படி எழுதியது:

வ அலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. பன்னிரண்டு ஆண்டுகளாக உணவகங்களில் பரிமாறவும் சமைக்கவும் செய்துவருகிறேன். சென்ற ஆண்டு உங்களுக்கு நேர்ந்தது ஏன் நேர்ந்தது என்பதை உள்ளே நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மற்ற மாதங்களில் இரவு உணவுக்கு வருபவர்கள் மூன்று மணி நேரத்தில் பிரிந்து பிரிந்து வருவார்கள். ரமழானில் அறை நிறைய இருக்கும் அனைவரும் ஒரே நிமிடத்தில் சாப்பிடத் தொடங்குகிறார்கள். அடுப்பு அதே அடுப்பு, ஆட்களும் அதே ஆட்கள். பாங்குக்குப் பத்து நிமிடம் முன்பு வந்து, பட்டியலைப் பார்த்து ஆளுக்கொன்றாகச் சொன்னால், அந்தச் சீட்டு உங்களுக்கு முன்வந்த முப்பது சீட்டுகளுக்குப் பின்னால் போய் நிற்கும். அதை எந்தச் சமையற்காரராலும் விரைவுபடுத்த முடியாது. ஆகவே இடத்தை மட்டுமன்று, உணவையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்போதும், கேட்ட பிறகு கல்லிலோ தணலிலோ ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்க வேண்டியவற்றைத் தவிர்த்து, பெரிய பாத்திரத்தில் ஆக்கி வைத்திருப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். பொரியலும் வறுவலும் வேண்டுமானால் தொழுகைக்குப் பிறகு வரட்டும்.

முன்பதிவு செய்யும்போது நான்கு விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பேரீச்சம்பழம், தண்ணீர், பழம் ஆகியவை கொண்ட முதல் தட்டு பாங்குக்கு முன்பே மேசைக்கு வந்துவிடுமா என்பது முதலாவது. எனக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுவதும் இதுதான். இதற்கு “வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். அடுத்து, தொழும் இடம் உண்டா, பெண்களுக்குத் தனியாக உண்டா, உளூ (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுதல்) செய்யத் தண்ணீர் எங்கே என்று கேளுங்கள். “உண்டு” என்ற பதிலோடு நின்றுவிடாமல் எத்தனை பேர் ஒரே நேரத்தில் நிற்கலாம் என்றும் கேளுங்கள். இருவர் மட்டுமே நிற்கக்கூடிய மூலையையும் தொழுகை அறை என்றே சொல்வார்கள். மேசை எத்தனை மணி வரை உங்களுக்கு என்பதையும் கேட்பது நல்லது, ஏனெனில் சில இடங்களில் ரமழான் இரவுத் தொழுகையான தராவீஹுக்கு முன் ஒரு குழு, பின் ஒரு குழு என்று பிரித்திருப்பார்கள். கைக்குழந்தை இருப்பதால் ஆள் நடமாட்டம் குறைந்த மூலையைக் கேட்டு வாங்குங்கள்.

பாங்குக்கு நாற்பது நிமிடங்களுக்கு முன் போய் அமர்ந்துவிடுவது நல்லது. வார இறுதியைத் தவிர்த்தால் பாதிச் சிரமம் குறையும். பஃபே முறையாக இருந்தால், பாங்கு சொன்னவுடன் வரிசையில் நிற்கப் போகாதீர்கள். முதல் தட்டோடு திறந்துவிட்டு, தொழுது முடித்து வந்தால் வரிசையும் குறைந்திருக்கும், பசியின் வேகமும் தணிந்திருக்கும். பசித்த கண்ணோடு அள்ளி வைப்பவைதான் பெரும்பாலும் மீந்து எங்கள் கைக்கு வருகின்றன. பகலெல்லாம் நோன்போடு சமைத்ததைக் கொட்டும்போது ஏற்படும் மனவேதனையைச் சொல்லில் கொண்டுவர முடியவில்லை.

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பரிமாறுபவர்களில் பலரும் நோன்பாளிகள். பாங்கு சொன்ன முதல் ஐந்து நிமிடம் எங்களை அழைக்காமல் இருந்தால், அதுவே நீங்கள் எங்களுக்குச் செய்யும் பேருதவி.

---

பிறைபார்த்தவன் எழுதியது:

என் கருத்து சற்று மாறுபட்டது. வீட்டிலேயே பேரீச்சம்பழத்தாலும் தண்ணீராலும் நோன்பைத் திறந்து, பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு (கூட்டாக) மஃரிபைத் தொழுதுவிட்டு, அதன் பிறகு நிதானமாக உணவகத்துக்குச் செல்லலாமே. முதல் கூட்டம் எழுந்து போயிருக்கும், தொழும் இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, உங்கள் வாப்பாவும் தமக்குப் பழகிய இடத்திலேயே நோன்பு திறந்திருப்பார். நோன்பு திறப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் ஓதவும் துஆ செய்யவும் உரிய நேரம். அதைச் சாலை நெரிசலில் கழிப்பது எனக்கு இழப்பாகவே தோன்றுகிறது.

---

மூத்தமகள் எழுதியது:

நீங்கள் சொல்வதில் உள்ள நியாயத்தை நான் மறுக்கவில்லை, சகோதரரே. ஆயினும் வீட்டில் திறந்தால் உம்மா “பேரீச்சம்பழமும் தண்ணீரும் மட்டும் போதும்” என்று ஒருநாளும் விடமாட்டார். குழந்தைகளுக்கு ஏதாவது, வாப்பாவுக்கு ஏதாவது என்று அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். பாங்கு சொல்லும் நிமிடத்தில் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் அடுப்பு இருக்கக் கூடாது. இந்தப் பயணத்தில் நான் நாடுவது அந்த ஒன்றைத்தான்.

---

ஓதிக்கொடுப்பவர் எழுதியது:

வ அலைக்குமுஸ்ஸலாம். தாயாருக்காக நீங்கள் எண்ணியிருப்பது நல்ல எண்ணம். உணவகத்தில் நோன்பு திறப்பதில் மார்க்கத் தடை எதுவும் இல்லை. உணவு ஹலாலாக இருக்க வேண்டும், மது பரிமாறும் இடமாக இருக்கக் கூடாது, தொழுகை தவறக் கூடாது.

நோன்பு திறப்பதை விரைவுபடுத்தும் காலமெல்லாம் மக்கள் நன்மையில் இருப்பார்கள் என்ற நபிமொழி, ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளான புகாரியிலும் முஸ்லிமிலும் ஸஹ்ல் பின் ஸஅத் வழியாகப் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் மஃரிபு தொழுவதற்கு முன் பேரீச்சம் செங்காய்களாலும், அவை இல்லாதபோது உலர்ந்த பேரீச்சம்பழங்களாலும், அவையும் இல்லாதபோது சில மிடறு தண்ணீராலும் நோன்பைத் திறப்பார்கள் என்று அனஸ் (ரலி) அறிவித்திருப்பது திர்மிதியிலும் அபூதாவூதிலும் உள்ளது. இதிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் வழி எளியது. உணவகம் எதைத் தந்தாலும் தராவிட்டாலும், ஒரு டப்பா பேரீச்சம்பழமும் தண்ணீரும் உங்கள் பையில் இருக்கட்டும். வழியிலேயே நேரம் வந்துவிட்டால் வாகனத்திலேயே திறந்துகொள்ளுங்கள். சூரியன் மறைவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று, பசித்த உடலோடு வண்டியை விரட்டுவது எந்த வகையிலும் தேவையற்றது.

மஃரிபின் நேரம் அடிவானச் செம்மை மறையும் வரை நீடிக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பிரிவில்) செம்மை மறைவது எல்லை. இமாம் அபூஹனீஃபா அவர்களிடம் அதன்பின் தங்கும் வெண்மை மறைவது எல்லை. பூமத்திய ரேகையை ஒட்டிய நாடுகளில் இது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆகவே அச்சப்பட வேண்டியதில்லை, ஆனால் முழுச் சாப்பாட்டையும் முடித்துவிட்டுத் தொழலாம் என்று விட்டுவிடுவதற்கும் அந்த நேரம் போதாது. உணவு முன்னே வந்திருக்கையில் மனம் அதிலேயே இருக்கும் நிலையில் தொழ நிற்க வேண்டாம் என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) வழியாக முஸ்லிமில் ஒரு ஹதீஸ் உண்டு. அதனால் முதல் தட்டை அமைதியாக உண்டு, பிறகு தொழுது, பிறகு முக்கிய உணவுக்கு அமர்வதே இருபுறமும் பொருந்தும் வழி. வீட்டிலிருந்தே உளூவோடு புறப்படுங்கள். இரண்டு தொழுகை விரிப்புகளும் கிப்லாத் திசையை (தொழும்போது நோக்கும் மக்காவின் திசை) முன்பே பார்த்து வைத்திருப்பதும் போதும். பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்பது நபிமொழி. இடம் குறுகியதாக இருந்தால் மூன்று மூன்று பேராக நின்று தொழுங்கள். உங்கள் தாயார் கடைசிக் குழுவில் நிற்க நேராதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வழக்கம்போல் அவர் “முதலில் நீங்கள் தொழுங்கள்” என்றுதான் சொல்வார்.

மேல்தள உணவகம் பற்றிக் கேட்டீர்கள். இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. உயரத்தில் இருப்பவருக்கு அடிவானம் தாழ்ந்து தெரிவதால் சூரியன் தாமதமாகவே மறைகிறது. 828 மீட்டர் உயரமுள்ள துபாய் புர்ஜ் கலீஃபாவில், 80ஆம் தளத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150ஆம் தளத்துக்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடமும் தாமதித்து நோன்பு திறக்க வேண்டும் என்று அந்நகரின் மார்க்க அறிஞர்கள் 2011இல் அறிவித்தார்கள். நூறு மீட்டர் உயரத்திலும் கணக்குப்படி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் வேறுபாடு வரும். கீழே பாங்கு கேட்டாலும், நீங்கள் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து சூரிய வட்டத்தின் விளிம்பு தெரியுமானால், அது முழுமையாக மறையும் வரை பொறுத்திருங்கள். இரவு வரை நோன்பை நிறைவு செய்யுங்கள் என்பதே குர்ஆனின் 2:187 வசனத்தின் கட்டளை. பதினொரு வயது மகனுக்கு இதைக் காட்டி விளக்கினால், அட்டவணையில் உள்ள எண் எங்கிருந்து வருகிறது என்பதை அவன் கண்ணாலேயே காண்பான்.

பாலூட்டும் சகோதரி தயக்கமின்றி எல்லோரோடும் அமர்ந்து உண்ணலாம். அவருக்கு அளிக்கப்பட்ட சலுகை இறைவன் அளித்தது.

---

இரவுப்பணிச் செவிலி எழுதியது:

வாப்பாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சென்ற ஆண்டு அவருக்கு நேர்ந்தது தாழ்சர்க்கரை என்றே உங்கள் விவரிப்பிலிருந்து தெரிகிறது. உணவோடு சேர்த்துப் போட வேண்டிய இன்சுலினைப் பாங்கை வைத்துக் கணக்கிட்டால் வீட்டில் பிழை வராது, ஏனெனில் அங்கே பாங்கும் உணவும் ஒரே நேரத்தில் வருகின்றன. உணவகத்தில் அவை இரண்டும் பிரிந்துவிடுகின்றன. ஆகவே உண்ணப்போகும் தட்டு அவர் முன் வந்து வைக்கப்பட்ட பிறகே ஊசியை எடுக்க வேண்டும். ரமழானுக்கென்று மருந்தின் அளவும் நேரமும் மாற்றப்பட வேண்டியிருக்கும் என்பதால், அவருடைய மருத்துவரிடம் இந்த வெளிப்பயணத்தையும் குறிப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன்னும், உணவகத்தில் அமர்ந்தவுடனும் விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். அதனால் நோன்பு முறியாது. நோன்பு திறப்பதற்கு முந்தைய சில மணி நேரத்தில்தான் சர்க்கரை தாழும் வாய்ப்பு மிகுதி. அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலோ 300க்கு மேலே போனாலோ, பாங்குக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் நோன்பை உடனே விட்டுவிட வேண்டும் என்பதே நீரிழிவு மருத்துவர்களின் வழிகாட்டுதல். பெரியவர்கள் “இன்னும் பத்து நிமிடந்தானே” என்று பொறுப்பார்கள், அதற்கு நீங்கள் உடன்படக் கூடாது. நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கவும், முடியாதவருக்கு ஈடு கொடுக்கவும் குர்ஆனே வழி சொல்லியிருக்கிறது. சர்க்கரை தாழ்ந்தால் 15 முதல் 20 கிராம் வரை விரைவில் கரையும் சர்க்கரையைக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். பெரிய மெஜூல் பேரீச்சம்பழம் ஒன்றிலேயே ஏறத்தாழ 18 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது. அதனால் சர்க்கரை தாழாத நாளில் அவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உணவகங்களில் முதலில் வைக்கப்படும் இனிப்பு பானங்களுக்குப் பதிலாகத் தண்ணீரை அருந்தட்டும்.

அன்று மாலை வண்டியை அவர் ஓட்ட வேண்டாம்.

---

மூத்தமகள் எழுதியது (எட்டு நாள் கழித்து):

நேற்று போய் வந்தோம், அல்ஹம்துலில்லாஹ். பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் என் துஆ உண்டு.

மேல்தள உணவகத்தில் பாங்குக்கு முன் முதல் தட்டை வைக்க இயலாது என்று சொல்லிவிட்டதால், தம்பியைச் சமாதானப்படுத்தி, தரைத்தளத்தில் பெண்களுக்குத் தனித் தொழுகை அறை உள்ள வேறோர் இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். மகன் அந்த ஒரு நிமிடக் கணக்கைக் கேட்டதிலிருந்து உயரமான கட்டடம் எதைப் பார்த்தாலும் அதன் தளங்களை எண்ணிக்கொண்டிருக்கிறான். செவ்வாய்க்கிழமை சென்றதால் பாதி மேசைகள் காலியாக இருந்தன. ஐம்பது நிமிடங்களுக்கு முன்பே போய் அமர்ந்துவிட்டோம். வாப்பாவின் அளவு 104 என்று காட்டியபோதுதான் எனக்கு மூச்சு சீராயிற்று.

பாங்குக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது உம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. எடுத்து வைக்க வேண்டியது எதுவோ மறந்துபோயிற்று என்று அவர் கைகள் தேடின. என் மகள் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அதன் பிறகு அவர் கையேந்தினார். பாங்கு முடிந்து, நாங்கள் எல்லோரும் திறந்து, குழந்தைகள் இரண்டாவது பழத்துக்குக் கை நீட்டிய பிறகும் அவர் கை இறங்கவில்லை. யாரும் அவரை அழைக்கவில்லை. வாப்பா மட்டும் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கொட்டையை நீக்கி, அவருடைய தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

தொழுதுவிட்டு வந்து மேசையில் அமர்ந்ததும் உம்மா முதலில் பார்த்தது உணவையன்று. எங்களுக்குப் பரிமாறிய பையன் சுவரோரம் நின்றபடியே ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த தட்டை எடுக்க ஓடிக்கொண்டிருந்தான். உம்மா எங்கள் டப்பாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, அவன் எங்கள் பக்கம் வரும் வரை காத்திருந்து, “தம்பி, இரண்டு நிமிடம் உட்கார்ந்து இதைச் சாப்பிடு, எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை” என்று சொல்லித் தம் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அவன் தயங்கி, பிறகு உட்கார்ந்தான்.